நிதானத்தைத் தேடி ஊருக்கு வந்தேன், கவலைதான் கூடியது

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

எனக்கு வயது 56. மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். ஓடியது போதும், இனி நிதானமாக வாழலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்து, எல்லீஸ் நகர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சோழவந்தான் பக்கத்தில் உள்ள அவருடைய பூர்வீக வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. 82 வயதான மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் கோவையில் மணமாகி இருக்கிறாள். மகன் பெங்களூருவில் இரவுப் பணி முடிந்து பைக்கில் வீடு திரும்புகிறவன். காலையில் காபியோடு திண்ணையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மனம் எதையாவது பிடித்துக்கொள்கிறது. மகன் போனை எடுக்கவில்லையென்றால் விபத்து வரை கற்பனை போய்விடுகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்றுகூடப் பத்து நிமிடத்துக்குமேல் சந்தோஷமாக இருக்க முடியவில்லை. ‘ரொம்பச் சிரிச்சா அழணும்’ என்று என் அம்மா சொல்வது நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருக்கவே தெரியவில்லையோ, டாக்டர்?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை என் அறையில் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பொறுப்பை நெடுங்காலம் சுமந்தவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள். பொறுப்பில்லாத ஒருவருக்கு இந்தச் சந்தேகம் எழுந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நிம்மதியாக இருக்கும் திறமை உங்களிடம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் அதற்குப் பழக உங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது.

வங்கியில் மாலை கணக்கு முடிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கையிருப்புப் பணமும் ஏட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போகும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்து ரூபாய் இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். 31 ஆண்டுகள் உங்கள் மனம் செய்த வேலை இதுதான்: எங்கே தவறு இருக்கும் என்று தேடுவது, கண்டுபிடிப்பது, சரி செய்வது, பூட்டிவிட்டுக் கிளம்புவது. அந்தத் தேடலுக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தன. அதைவிட முக்கியமாக, தினமும் ஒரு முடிவும் கிடைத்தது. இப்போது அதே மனம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. தேடுவதற்குப் பழைய ஏடுகள் இல்லாததால் மகனுடைய பைக்கையும், மகளுடைய புகுந்த வீட்டையும், மாமியாருடைய இருமலையும் ஏடுகளாக எடுத்துக்கொண்டது. ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கை மாலை ஆறு மணிக்கு நேராகிற கணக்கு அல்ல. அது அவர்கள் வாழும்வரை திறந்தே இருக்கும் ஏடு. அதை நேராக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று நீங்கள் உட்கார்ந்தால், எழுந்திருக்கவே முடியாது. ஓய்வு வந்ததும் கவலை கூடியது ஏன் என்ற உங்கள் குழப்பத்துக்கு என் விடை இதுதான்: கவலை புதிதாக ஊரில் வந்து பிறக்கவில்லை, அலுவலக வேலை அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது, அந்தத் தீனி நின்றுவிட்டது.

மாடு கட்டிக் கிணற்று நீரை மேலே இறைக்கும் கமலை உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கமலைக்குக் கவலை என்றும் ஒரு பெயர் உண்டு என்பதைச் சிறுவயதில் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. மேலூர்ப் பக்கத்தில் எங்கள் கிணற்றில் என் தந்தை கமலை ஓட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாடுகள் சரிவில் இறங்கும், பின்னோக்கி ஏறும், மறுபடி இறங்கும். பார்ப்பவருக்கு அதே இடத்தில் போய் வந்துகொண்டிருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு சால் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மகனுடைய பயணத்தைப் பற்றி நீங்கள் யோசித்து, ‘தலைக்கவசம் போட்டுக்கொள், வீட்டுக்குப் போனதும் ஒரு செய்தி அனுப்பு’ என்று சொல்லிவிட்டால், அந்த யோசனை ஒரு சால் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது. அது அக்கறை. சொல்லி முடித்த பிறகும் அதே சரிவில் நாற்பது முறை இறங்கி ஏறுவது, வடத்தில் சால் கட்டாமல் மாட்டை ஓட்டுவதற்குச் சமம். மாட்டுக்கு நுரை தள்ளும். வாய்க்கால் காய்ந்தே கிடக்கும்.

இது உங்களுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கான துப்பு உங்கள் அம்மாவின் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ‘ரொம்பச் சிரிச்சா அழணும்’ என்பதைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம் பக்கத்தில் குறைவு. நல்ல செய்தி வந்தால் கண் பட்டுவிடும் என்று குரலைத் தாழ்த்துவதும், குழந்தை நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லத் தயங்குவதும் அதே உணர்வின் வேறு வடிவங்கள். கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் கெடுதல் நேராது, அப்படியே நேர்ந்தாலும் அடி குறைவாக விழும் என்று நாம் உள்ளூர நம்புகிறோம். மிஷெல் நியூமன், சாண்ட்ரா லெரா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல் இதைப் பற்றி ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். எப்போதும் கவலைப்படுகிறவர்கள் துன்பத்துக்கு அஞ்சுவதைவிட, மகிழ்ச்சியாக இருக்கும்போது திடீரென்று துன்பம் வந்து மோதும் அந்த வீழ்ச்சிக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். அதனால் மேலே ஏறாமல் தரையிலேயே உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று அவர்கள் மனம் கருதிவிடுகிறது என்பது அதன் சாரம். மகனின் பதவி உயர்வுச் செய்தி வந்த அன்று உங்களுக்கு நேர்ந்தது அதுவே. பத்து நிமிடம் மேலே ஏறினீர்கள். உயரத்தைப் பார்த்து அஞ்சி நீங்களே இறங்கிவிட்டீர்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறேன். நடக்காத விபத்துக்காக எத்தனை இரவுகள் விழித்திருந்தீர்கள்? உண்மையான துன்பம் வருகிற நாளில், முன்கூட்டியே கவலைப்பட்டதால் அது ஒரு துளியும் குறைவதில்லை என்பதைப் பெற்றோரை இழந்தவர்கள், கணவரை இழந்தவர்கள் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் வருந்தியதெல்லாம், உடன் இருந்த காலத்தில் மனம்விட்டுச் சிரிக்காமல் போனோமே என்றுதான்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ‘கவலைப்படாதே’ என்று உங்கள் கணவர் சொல்லிப் பயனில்லாமல் போனதாக எழுதியிருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன். அது யாருக்கும் பயன்பட்டதில்லை. கவலையைத் துரத்துவதைவிட, அதற்கென்று ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிவிடுவது எளிது. தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-ல் வெளியிட்ட முறை இது, இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். ஒரு நாளில் அரை மணி நேரம், தினமும் அதே நேரம், அதே இடம். உங்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். இடம் திண்ணையாக இருக்கக் கூடாது, ஏனென்றால் திண்ணையை நீங்கள் வேறொன்றுக்காக மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. கொல்லைப்புறப் படிக்கட்டு போதும். பகலில் எப்போது கவலை எழுந்தாலும் ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டு, ‘ஐந்து மணிக்குப் பார்க்கலாம்’ என்று கைவேலைக்குத் திரும்புங்கள். ஐந்து மணிக்கு அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் இன்று நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதைச் செய்ய வேண்டிய நாளைப் பக்கத்தில் குறியுங்கள். இல்லையென்றால் அந்த அரை மணிக்குள் தாராளமாகக் கவலைப்படுங்கள். மணி ஐந்தரை ஆனதும் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். ஏட்டை மூடிக் கிளம்புவது உங்களுக்குப் புதிய வித்தை அல்ல.

அதே நோட்டில் இடப்பக்கம் கவலையும் வலப்பக்கம் பின்னர் உண்மையில் நடந்ததும் இருக்கட்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடுமையான கவலை நோய் உள்ள 29 பேரை இப்படிப் பத்து நாட்கள் கவலைகளை எழுதச் செய்து, பிறகு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2020-ல் அந்த முடிவு வெளியானது. அவர்கள் அஞ்சியவற்றில் 91.4 விழுக்காடு நடக்கவே இல்லை. ஒன்றுகூட நடக்காதவர்களும் அவர்களில் பலர். வெறும் 29 பேரை வைத்துச் சொன்னது என்று நீங்கள் கணக்குப் பார்க்கக்கூடும். பாருங்கள், அது நல்லதுதான். எனவே என் சொல்லையோ அந்த ஆய்வையோ நம்ப வேண்டாம், உங்கள் கையால் எழுதிய ஏட்டை நம்புங்கள். ஒரு மாதம் கழித்து அதைப் புரட்டும்போது வலப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

அடுத்து, நிதானமான வாழ்க்கை என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நகரத்தை விட்டு வந்தால் நிதானம் தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிதானம் வெறுமையாக உட்கார்ந்திருப்பதில் இல்லை. கையில் எடுத்த ஒன்றை அதன் போக்கில், முழுக் கவனத்தோடு செய்வதில் இருக்கிறது. கவலைப்பட்டுப் பழகிய மனத்துக்கு வெற்றுத் திண்ணை மிகக் கடினமான பாடம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஓய்வெடுக்க முயலும்போதே படபடப்பு அதிகமாகும் என்பதை மருத்துவத்தில் தெளிவாகவே கண்டிருக்கிறோம். ஆகவே முதலில் கைக்கு வேலை கொடுங்கள். உங்களைச் சுற்றி இருப்பவற்றை நினைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. மல்லிகை மொட்டை உதிரியாக வாங்கி வாழை நாரில் நீங்களே தொடுத்துப் பாருங்கள். நாரை நனைத்துக் கிழிப்பதிலிருந்து, இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்து முடிச்சு இறுக்குவது வரை, விரல்களுக்கு அதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அதைவிட அவசரப்பட்டால் காம்பு ஒடியும், முடிச்சு தளரும். தொடுத்த சரத்தைச் சொம்பின் மேல் ஈரத்துணியில் சுற்றி வைத்தால், பொழுது சாயும் நேரத்தில் அது தானே மலரும். அந்த மலர்ச்சியை நம்மால் முன்னே இழுக்க முடியாது. வீடு முழுவதும் மணம் பரவும்போது நாம் அங்கே இருந்தால் போதும்.

வெற்றிலைக் கொடிக்கால் உங்கள் ஊரில் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலரும் அதன் காரத்தையும் மணத்தையும் பற்றிப் பேசினார்கள். எனக்கோ அந்தக் கொடிக்காலின் உள்ளே இருக்கும் நிழல்தான் நினைவுக்கு வந்தது. அகத்தி மரங்களில் கொடியை ஏற்றிக் கட்டி, ஈரம் காயாமல் பார்த்து, முற்றிய இலையை மட்டும் கிள்ளி எடுக்கிறவர்களின் நடையைக் காலையில் போய் ஒருமுறை பாருங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. போன முதல் நாள் மனம் அடம் பிடிக்கும். மகன் இந்நேரம் கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்கும். அந்தப் படபடப்பு அலை போல எழுந்து தானே தணியும் என்பதை, ஓடி வந்து போனைப் பார்க்காமல் அங்கேயே இருந்தால்தான் அறிய முடியும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும், அடுத்த வாரம் இருபது. இப்படிப் பழகிய பிறகு திண்ணைக்கு வாருங்கள்: ஒரு டம்ளர் காபி, கையில் வேறொன்றும் இல்லை, காபி தீரும்வரை மட்டும். அதற்குமேல் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம்.

இந்த இடத்தில் உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடிதத்தின் மற்றொரு பகுதியில், அவர் காலையில் செய்தித்தாளோடு திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்றும், மூன்று வேளைச் சமையலும், மாமியாரின் மருந்தும் குளியலும், வருகிற உறவினர்களுக்குக் காபி பலகாரமும் உங்கள் பொறுப்பு என்றும், புகாராக இல்லாமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவர் ஒருவர், வேலை மாற்றலாகி வந்தவர் இன்னொருவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிதானமான வாழ்க்கை வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவில், நிதானம் ஒருவருக்கும் அதற்கான உழைப்பு மற்றவருக்கும் போய்ச் சேர்வது நியாயம் அல்ல. அதைச் சரி செய்யாமல் நான் எத்தனை பயிற்சிகள் சொன்னாலும் அவை உங்கள் முதுகில் இன்னொரு சுமையாகவே ஏறும். ஐயா அவர்களுக்கு நான் சொல்வது இது: காலைக் காபியை நீங்கள் போடுங்கள், உங்கள் தாயாரின் மருந்து வேளைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், மாலை ஐந்து மணியிலிருந்து அரை மணி நேரம் வீட்டில் யார் கூப்பிட்டாலும் நீங்கள் எழுந்து போங்கள். ‘எதற்கு இப்படிக் கவலைப்படுகிறாய்’ என்று கேட்பதைவிட இவை பத்து மடங்கு பயன் தரும்.

மூன்று மணி விழிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்க்காதீர்கள். கால் மணி, இருபது நிமிடம் போல உணர்ந்தும் தூக்கம் திரும்பவில்லையென்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வெளியறையில் அமைதியாக இருங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள். ஒரு நாளில் ஐந்து முறை காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டாகக் குறைத்து, இரண்டாவதை நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலையில் குடிப்பது நள்ளிரவிலும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும்.

மருத்துவர் என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், கட்டுப்படுத்த முடியாத கவலை இருந்து, அதோடு இருப்புக் கொள்ளாமை, சோர்வு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகியவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்திருந்து, அன்றாட வாழ்க்கையும் அதனால் பாதிக்கப்பட்டால், அது குணம் அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நோய். உங்களுக்கு எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. நேரில் பார்க்காமல் உங்களுக்கு அந்த நோய் என்று நான் எழுதக் கூடாது, ஆனால் நேரில் ஒருவரைப் பார்ப்பது அவசியம் என்று எழுதலாம். முதலில் தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பயணம் செய்ய மனமில்லாத நாளில், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேச்சு வழிச் சிகிச்சையாலேயே பலருக்குக் குணமாகிறது. மாத்திரை தேவைப்பட்டால் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதைப் போலவே அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு நாள் வந்தாலும் காத்திருக்காமல் உடனே உதவியை நாடுங்கள்.

பரிசோதனைக்காக மதுரைக்கு வருகிற அன்று இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவேன், ஆனால் அரை மணியில் ஓடி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போய், தரிசனம் முடிந்த பிறகு பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். வேண்டுதல் எதுவும் வைக்க வேண்டாம். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பட்டியல் வாசிக்கவும் வேண்டாம். அங்கே வந்து உட்கார்கிறவர்களைப் பாருங்கள், கோபுரத்தின் மேல் வெயில் நகர்வதைப் பாருங்கள். எழுந்திருக்கத் தோன்றும்போது எழுந்திருங்கள். வெளியே வந்து பருத்திப் பால் ஒன்று குடித்துவிட்டு ஊர்ப் பேருந்தைப் பிடியுங்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் வீடு போய்ச் சேரவில்லையென்றால் நோட்டு மறுநாள்வரை காத்திருக்கும்.

உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. பதவி உயர்வுச் செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் அல்லவா? அவனை மறுபடி அழைத்து, என்ன பதவி, அன்று அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள், முதலில் யாரிடம் சொன்னான் என்றெல்லாம் கேளுங்கள். அந்தப் பேச்சில் பைக் வர வேண்டாம், தலைக்கவசம் வர வேண்டாம். அவன் சொல்லி முடிக்கும்வரை நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அம்மாவின் வாக்கியம் நடுவில் நினைவுக்கு வரும். வந்தால், அவரும் தன் பிள்ளைகளை எண்ணி அஞ்சியவர்தானே என்று அன்போடு நினைத்துக்கொண்டு, மகன் பேசுவதைத் தொடர்ந்து கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து, நோட்டின் இரண்டு பக்கங்களிலும் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். மகன் சொன்னதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்